பெஸ்டலாஸி: பட்டறிவைப் பள்ளிக்குக் கொணர்ந்த பெரியார்

கல்வியின் பொருட்டு உழைத்த பெரியார்களின் வரலாறுகளிற் பல வெற்றியின் வரலாறுகளாகவே எழுதப்பெற்றுள்ளன. யான் ஈண்டுக் கூறப்புகும் ஜோஹான் ஹைன்ரிக் பெஸ்டலாஸியின் வாழ்க்கையோ தோல்வியின்மேல் தோல்வி அடுக்கிய வாழ்க்கையாகும். அவர் தொடங்கிய பண்ணை நொடித்தது. நிறுவிய பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. மனைவியின் செல்வமும் கரைந்தது. ஆயினும், பிள்ளைகள் சொல்லைக் கற்குமுன் பொருளைக் கண்டும் தொட்டும் செய்தும் அறிதல் வேண்டும் என்று ரூஸோ ஏட்டில் எழுதிய கொள்கையை, ஏழைப் பிள்ளைகளின் நடுவே அமர்ந்து செய்துபார்த்தவர் அவரே. அவர் வாழ்க்கை அக்கல்வியின் பெருமையைக் காட்டுவதோடு, அஃது எவ்வாறு கெடும் என்பதையும் காட்டுகின்றது.

சுவிட்ஸர்லாந்து தேசத்து ஸூரிச் நகரில் 1746-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 12-ஆம் நாள் பெஸ்டலாஸி பிறந்தார். இரண வைத்தியராகிய தந்தையார், மைந்தனுக்கு ஐந்து வயது நிரம்பிய சிறிது காலத்தில் இறந்தார். பாபெலி என்னும் பணிப்பெண், மரணப் படுக்கையில் இருந்த தலைவனுக்குக் கொடுத்த வாக்கின்படி, அக்குடும்பத்தை விட்டு நீங்காது இறுதிவரை உழைத்தாள். சிக்கனம் கருதி, உடையும் காலணியும் தேயுமென்று குழந்தைகளைத் தெருவில் விளையாட விடாள். அதனாற் பெஸ்டலாஸி நான்கு சுவர்களுக்குள் அன்பு மிகுதியும் உலகறிவு குறைவுமாக வளர்ந்தார். பள்ளியில் அவருடைய தடுமாற்றத்தைக் கண்டு உடன் மாணவர் நகைத்தனர். ஹோங் என்னும் சிற்றூரில் குருவாயிருந்த பாட்டனாரிடம் சென்ற நாட்களே அவருக்குக் கதவு திறந்த நாட்கள். முதியவரோடு அவர் ஏழைகளின் குடிசைகளையும் ஊர்ப் பள்ளியையும் கண்ணாரக் கண்டார். அனுபவம் மறுக்கப்பட்ட குழந்தை எதை இழக்கின்றது என்பதை அவர் நூலிற் படித்தறிய வேண்டியதாயிருக்கவில்லை.

முதலிற் சமயப் பணிக்கும், பின்னர்ச் சட்டத்துக்கும் பயின்ற அவர், இரண்டையும் விடுத்து உழவை மேற்கொண்டார். 1769-இல் தம்மினும் ஏறத்தாழ எட்டாண்டு மூத்தவராகிய அன்னா ஷூல்தெஸ் என்னும் நங்கையை மணந்து, பிர் என்னும் ஊரின் அருகே நிலம் வாங்கி, அதற்கு நொய்ஹோவ், அதாவது புதுப்பண்ணை, என்று பெயரிட்டார். மண்ணோ வளமற்றது. பணம் உதவியவர்களும் பின்வாங்கினர். சில ஆண்டுகளிற் பண்ணை நொடிந்தது.

இதற்கிடையே 1770-இற் பிறந்த தம் ஒரே மகனை ரூஸோவின் கொள்கைப்படி வளர்க்க முயன்றார். 1774-இல் அவர் எழுதிய நாட்குறிப்பு நமக்குக் கிடைத்துள்ளது. மலைச்சரிவில் ஓடும் நீரைப் பின்தொடர்ந்து மகனை அழைத்துச் சென்று, நீர் பள்ளம் நோக்கி ஓடும் என்பதை அவனே காணச் செய்தார். மற்றொரு நாளில், எண்களின் பெயர்களைச் சிறுவன் தடையின்றிச் சொன்னான். ஆனால் அவ்வெண்களின் அளவை அவன் அறியவில்லை என்பது தெரிந்தது. பொருள் விளங்குமுன் சொல்லை நாவில் ஏற்றிவிட்டோமே என்று தந்தை தம்மையே நொந்துகொண்டார். அவர் பிற்காலத்து முறைகள் அனைத்துக்கும் வித்து இந்நாட்குறிப்பிலேயே உள்ளது.

1774-இல் நொய்ஹோவ் வீட்டையே ஏழைச் சிறுவர்க்குரிய பள்ளியாக்கினார். பிச்சையெடுத்துத் திரிந்த பிள்ளைகள் கோடையில் வயலிலும் குளிர்காலத்தில் நூற்பிலும் நெசவிலும் ஈடுபட்டனர். கை இராட்டினத்தில் இயங்கும்போதே வாய் கணக்கையும் பாடத்தையும் பயின்றது. உழைப்பின் ஊதியத்தாற் பள்ளி தன்னைத்தானே தாங்கும் என்பது அவர் எண்ணம். ஆனால், பருநூல் நூற்கப் பழகுமுன்னரே மென்னூல் நூற்க வைத்தார். சரக்கு விலைபோகவில்லை. பெற்றோர் சிலர், பிள்ளைகளுக்குப் புத்தாடை கிடைத்தவுடன் அவர்களை அழைத்துச் சென்றுவிட்டனர். 1780-இற் பள்ளி மூடப்பட்டது. ஏணியின் முதற் படியில் கால் ஊன்றாமல் மேற்படியை நாடிய குற்றம் தம்முடையதே என்று முதுமையில் அவர் எழுதினார். எளியதினின்று அரியதற்குப் படிப்படியாகச் செல்லவேண்டும் என்னும் அவருடைய புகழ்பெற்ற விதி, இவ்வாறு கெட்டறிந்த விதியேயாகும்.

அடுத்த பதினெட்டாண்டுகள் அவர் வறுமையிற் கழிந்தன. எழுதுகோலே துணையாயிற்று. 1781-இல் வெளிவந்த லீன்ஹார்ட்டும் கெர்ட்ரூடும் என்னும் கதைநூல், ஒரு கொத்தனின் மனைவி தன் இல்லத்தையும் அதன் வழியே ஊரையும் சீர்திருத்தும் வரலாற்றைச் சொல்லி ஐரோப்பாவெங்கும் புகழ் பெற்றது. நூலைப் புகழ்ந்தோர் பலர். ஆசிரியரிடம் ஒரு பள்ளியை ஒப்படைக்க முன்வந்தோர் இலர்.

1798 செப்டம்பரில், பிரெஞ்சுப் படை நிட்வால்டன் நாட்டின் எழுச்சியை அடக்கி ஸ்டான்ஸ் நகரைச் சூறையாடியது. பெற்றோரை இழந்த பிள்ளைகள் பலர். அவர்களைப் பேணும் பொறுப்பைப் புதிய அரசினர் ஐம்பத்திரண்டு வயதுள்ள பெஸ்டலாஸியிடம் அளித்தனர். அந்நாட்டு மக்கள் கத்தோலிக்கர். அவரோ சீர்திருத்த சபையினர். அதிலும் தாங்கள் வெறுத்த அரசு அனுப்பிய மனிதர். இத்தகைய ஐயத்தின் நடுவே, 1799 ஜனவரியில், வேலை முற்றுப்பெறாத ஒரு கன்னிமாடக் கட்டடத்தில், வீட்டுவேலைக்கு ஒரு பெண்ணை மட்டும் துணைகொண்டு அவர் பணியைத் தொடங்கினார். ஏறத்தாழ எண்பது பிள்ளைகள் சேர்ந்தனர். பலருக்குச் சொறி, பலர் அச்சத்தால் ஒடுங்கியிருந்தனர். அவர்களோடு உண்டார், அவர்களிடையே உறங்கினார், நோயுற்றாரைத் தம் கையாற் கழுவினார். நூல்கள் அங்கே இல்லை. வாழ்வே பாடமாயிற்று.

ஆல்ட்டோர்வ் நகரம் தீக்கிரையான செய்தி வந்தபோது நிகழ்ந்தது ஒன்றை அவர் தம் ஸ்டான்ஸ் கடிதத்தில் விவரித்துள்ளார். பிள்ளைகளைச் சூழ அமர்த்தி, அந்நகரின் அநாதைகளில் இருபது பேரளவில் இங்கு ஏற்றுக்கொள்ளலாமா என்று வினவினார். அனைவரும் மகிழ்ந்து இசைந்தனர். அவர் அவ்வளவில் நிற்கவில்லை. உணவு குறையும், ஆடையைப் பகிர நேரும், உழைப்பு மிகும் என்பனவற்றை எடுத்துக்கூறி மீண்டும் சிந்திக்கச் சொன்னார். அவர்கள் தம் முடிவினின்றும் மாறவில்லை. ஈகையைப் பற்றி அவர் சொற்பொழிவு செய்திருக்கலாம். அதைவிடுத்து, ஈகையின் விலையை அறிந்து ஈயும் வாய்ப்பைத் தந்தார். செயலாற் பெறும் கல்வி கைத்தொழிலுக்கு மட்டும் உரியதன்று, ஒழுக்கத்துக்கும் உரியது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ? ஆனால் ஐந்து மாதமும் நிரம்புமுன், ஜூன் திங்களில், பிரெஞ்சுப் படையினருக்கு மருத்துவமனை தேவைப்பட்டமையால் அவ்வில்லம் மூடப்பட்டது. பெஸ்டலாஸி உடல் நலிந்து வெளியேறினார்.

எனினும் அவ்வாண்டிலேயே பூர்க்டோர்வ் நகரில், ஒரு செருப்புத் தொழிலாளி நடத்திய ஏழைப் பள்ளியில் துணையாசிரியராய் அமர்ந்தார். அறையின் பழைய சுவர்த்தாளிலிருந்த கிழிசல்களையே பிள்ளைகளுக்குக் காட்டி, அவற்றின் எண்ணையும் வடிவையும் நிறத்தையும் நோக்கி முழு வாக்கியங்களிற் சொல்லச் செய்தார். படத்தில் வரைந்த ஏணியைக் காட்டியபோது, முற்றத்தில் உண்மை ஏணியே இருக்கப் படம் எதற்கு என்று ஒரு சிறுவன் கேட்டதாகவும், அன்றுமுதல் அவர் படத்தை ஒதுக்கிப் பொருளையே நாடியதாகவும் கூறுவர். நம் அளவை நூலார் காட்சி என வழங்கும் நேரறிவையே அவர் கல்விக்கு அடிப்படையாக்கினார். எண், வடிவம், சொல் என்னும் மூன்றும் அக்காட்சியினின்றே கிளைக்க வேண்டும் என்றார். பின்னர் அந்நகரின் கோட்டையில் அவருடைய கல்விநிலையம் வளர்ந்தது. 1801-இல் கெர்ட்ரூட் தன் மக்களுக்குக் கற்பிக்கும் விதம் என்னும் நூல் வெளிவந்தது. நீண்டநாள் நோயுற்றிருந்த ஒரே மகன் இறந்ததும் அவ்வாண்டிலேயே.

பின்பு இவர்டன் நகரத்துக் கோட்டையில் அவர் நடத்திய பள்ளி ஏறத்தாழ இருபதாண்டுகள் ஐரோப்பாவின் கண்களை ஈர்த்தது. 1809 அளவில் மாணவர் நூற்றைம்பதுக்கு மேற்பட்டிருந்தனர். பூகோள பாடம் தொடங்கிய விதத்தைக் கேளுங்கள்: மாணவரை அருகிலுள்ள பள்ளத்தாக்குக்கு அழைத்துச் சென்று, அதன் அமைப்பை நன்கு நோக்கச் செய்து, அங்கிருந்த களிமண்ணை எடுத்துவரச் செய்தனர், பள்ளி மீண்டதும் மேசைமீது அப்பள்ளத்தாக்கை அவர்களே களிமண்ணாற் சமைத்தனர். அதன் பின்னரே தேசப்படம் காட்டப்பட்டது. தோட்ட வேலையும், தேகாப்பியாசமும், மலையேற்றமும் பாடங்களோடு இணைந்தன. பிரஷ்ய அரசு இளம் ஆசிரியரை அங்குப் பயில அனுப்பியது. 1808 முதல் 1810 வரை அங்கிருந்த பிரடெரிக் பிரோபெல், பிற்காலத்தில், 1837-இல், விளையாட்டின் வழியே கற்பிக்கும் குழந்தைப் பள்ளியைத் தொடங்கினார்.

ஆயினும் அப்புகழின் உள்ளேயே கேடும் முளைத்தது. 1803-இல் வெளிவந்த அன்னையர் நூல், உடலுறுப்புக்களின் பெயர்களைக் குழந்தைக்கு வரிசை வரிசையாகச் சொல்லுவிக்க முற்பட்டது. எண்ணுக்கென அமைத்த அட்டவணைகளை மாணவர் ஒருமித்த குரலில் ஒப்புவித்தனர். மனப்பாடத்தை ஒழிக்கப் பிறந்த முறை தானே ஒரு மனப்பாடமாயிற்று. பெஸ்டலாஸி குழந்தையின் முகத்தை நோக்கிக் கற்பித்தார். அவரைப் பின்பற்றியோருட் சிலர் அவருடைய அட்டவணையை நோக்கிக் கற்பித்தனர். 1815-இல் அன்னா அம்மையார் மறைந்தபின், நீடரர், ஷ்மிட் என்னும் ஆசிரியரிடையே மூண்ட பூசல் வழக்குமன்றம்வரை சென்றது. அந்நிலையிலும், 1818-இல், எழுபத்திரண்டாம் வயதில், தம் நூற்றொகுதிக்குச் சேர்ந்த பொருளை நம்பிக் கிளின்டி என்னும் இடத்தில் மீண்டும் ஓர் ஏழைப் பள்ளி தொடங்கினார். அது மறு ஆண்டே கோட்டைப் பள்ளியோடு சேர்க்கப்பட்டது. 1825-இற் கோட்டைப் பள்ளியும் முடிந்தது. முதியவர் தாம் முதலிற் புறப்பட்ட நொய்ஹோவுக்கே திரும்பினார். 1827 பெப்ருவரி 17-ஆம் நாள் புருக் நகரில் உயிர்நீத்து, பிர் ஊரிற் பள்ளிக்கூடத்தின் அருகே அடக்கம்பெற்றார்.

பெஸ்டலாஸி வகுத்த அட்டவணைகள் வழக்கொழிந்தன. நிலைத்து நிற்பவையோ, களிமண் தோய்ந்த கைகளும், தம் உணவைப் பகிர இசைந்த ஸ்டான்ஸ் அநாதைகளும், எண்ணின் பெயர் எண்ணாகாது என்று மகனிடம் கற்றுக்கொண்ட தந்தையுமே. செய்து கற்கும் முறையையும் செய்யாமலே ஒப்புவிக்க இயலும் என்பதே அவர் வாழ்வு தரும் எச்சரிக்கை. ஆசிரியப் பணியை மேற்கொள்ள எண்ணும் நம் மாணவ நண்பர்கள் அவருடைய விதிகளை உருவேற்றற்க. அவ்விதிகளை அவர் எங்கிருந்து பெற்றாரோ, அந்தக் குழந்தையின் அருகே சென்று அமர்வார்களாக.