தான் போட்ட விலை அதிகம்னு தானே சொன்ன மன்றோ துரை!

சதுரகிரிக்குப் போற வழியில, வத்திராயிருப்பைத் தாண்டினா மகாராஜபுரம். ரெண்டு பக்கமும் தென்னந்தோப்பு, எதிர்ல மலை. இந்த ஊர்ல ஒருத்தர் வீட்டை அடமானம் வெச்சு பேங்க்ல லோன் கேட்டா, முதல்ல வந்து நிக்கிறவர் மதிப்பீட்டாளர். அவர் எழுதுற தொகையைப் பார்த்துதான் லோன். கட்ட முடியாம வீடு ஏலத்துக்குப் போனா, ஏலம் ஆரம்பிக்கிற தொகையை முடிவு பண்றதும் ஒரு மதிப்பீடுதான். அந்தக் கணக்குல தப்பு நடந்தா, ஒரு குடும்பத்தோட சம்பாத்தியமே போயிடும்.

சரி, இன்னொருத்தர் சொத்துக்கு விலை சொல்ல என்ன தகுதி வேணும்? இந்தக் கேள்விக்கு 200 வருஷத்துக்கு முன்னாடியே தன் வாழ்க்கையால பதில் சொன்ன ஒருத்தர் இருக்கார். சென்னைத் தீவுத்திடல் பக்கம் போனவங்க அவரைப் பார்த்திருப்பீங்க. சேணம் இல்லாத குதிரை மேல உட்கார்ந்திருக்கும் தாமஸ் மன்றோ!

திவாலான வீட்டுப் பையன்

1761-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தவர் மன்றோ. அப்பா, அமெரிக்காவோடு வியாபாரம் செய்தவர். அமெரிக்க சுதந்திரப் போர் வந்ததும் வியாபாரம் படுத்துவிட்டது. வேறு வழியில்லாமல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ராணுவத்தில் சேர்ந்து, 1780-ல் சென்னையில் வந்து இறங்கினார். சம்பளத்தில் மிச்சம் பிடித்து வீட்டுக்கு அனுப்பினார். கடனில் ஒரு குடும்பம் என்ன பாடுபடும் என்பது அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் பகுதி கம்பெனி கைக்கு வந்தது. இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரம்தான் அது. அங்கே நிலத்தை அளந்து வரி போட ஆள் தேவைப்பட்டது. அன்றைக்கு மதிப்பீட்டாளர் சங்கமும் கிடையாது, பரீட்சையும் கிடையாது. கம்பெனியின் சிவில் அதிகாரிகள் பலருக்கு உள்ளூர் மொழி தெரியாது. அதனால், மொழி தெரிந்த ராணுவ அதிகாரியான கேப்டன் அலெக்ஸாண்டர் ரீடிடம் அந்த வேலையைக் கொடுத்தார்கள். அவருக்கு உதவியாளராகப் போனார் மன்றோ. ஜனங்களோட பேசத் தெரிஞ்சதுதான் அவரோட சர்ட்டிஃபிகேட்!

ஏழு வருஷம் ஊர் ஊராகக் கூடாரம் போட்டுத் தங்கினார். விவசாயிகளிடம் நேரடியாகப் பேசினார். நடுவில் ஜமீன்தார் இல்லாமல், விவசாயியிடமே கணக்கு வைத்துக்கொள்ளும் ரயத்துவாரி முறை இங்கேதான் உருவானது.

ஏலத்துக்கு வந்த ஊர்கள்

1799-ல் மன்றோ வேறு இடத்துக்கு மாற்றப்பட்டார். கொஞ்ச வருஷத்திலேயே கம்பெனி அந்தப் பகுதியை மிட்டா மிட்டாவாகப் பிரித்து ஏலம் விட்டது. மண்ணையே பார்க்காதவர்களும் ஏலம் எடுத்தார்கள். கட்ட வேண்டிய தொகையோ அதிகம். பல மிட்டாதார்கள் நொடித்துப்போனார்கள். நிலம் எவ்வளவு தாங்கும்னு பார்க்காம போட்ட விலை, வாங்கினவரையும் கவுத்துச்சு, உழுதவரையும் கவுத்துச்சு.

மன்றோ அப்போது கடப்பா, பெல்லாரி பகுதிகளில் இருந்தார். 1800 முதல் 1807 வரை அங்கே வேலை. 33 அடி சங்கிலி வைத்து வயல் வயலாக அளந்தார்கள். மதிப்பிடுபவர் ஊர்க்காரர்களைக் கேட்டுத்தான் நிலத்தைத் தரம் பிரிக்க வேண்டும். அவர் போட்டதை தலைமை மதிப்பீட்டாளர் மறுபடி சரிபார்ப்பார். ஒருத்தர் சொல்றதே முடிவு இல்லை!

எல்லாம் முடிந்த பிறகு மன்றோ செய்ததுதான் முக்கியம். இந்த வரி அதிகம், கால் பங்கு குறைக்க வேண்டும் என்று 1807-ல் தானே மேலிடத்துக்கு எழுதினார். மேலிடம் கேட்கவில்லை. ஊர்களைக் குத்தகைக்கு விட்டுப் பார்த்தது. அதுவும் சரிவரவில்லை. 1820-ல் மன்றோவே சென்னை மாகாண கவர்னராக வந்தார். 13 வருஷத்துக்கு முன்னாடி கேட்ட அந்தக் கால் பங்கு குறைப்பு அப்போதுதான் நடந்தது. நடுவில் கஷ்டப்பட்ட விவசாயிகளுக்கு யார் பதில் சொல்வது?

மன்றோவைத் தெய்வமாக்க வேண்டாம். அவர் கம்பெனிக்கு வரி வசூலித்துக் கொடுத்தவர்தான். குறைக்கச் சொன்ன அந்த அதிக வரியைப் போட்டதும் அவர் தலைமையில்தான். ஆனால் தன் கணக்கைத் தானே திருத்தச் சொல்கிற தைரியம் அவருக்கு இருந்தது. ஊருக்குத் திரும்பும் முன் கடைசியாகப் பழைய மாவட்டங்களைப் பார்க்கப் போனார். 1827 ஜூலை 6 அன்று பத்திகொண்டாவில் காலரா அவரைக் கொண்டுபோனது.

இன்றைக்கு என்ன தகுதி?

ஒரு நல்ல ஆளை நம்பி மட்டும் ஊரை விட முடியாதே! அதுக்குத்தான் சங்கமும் சான்றும். கம்பெனிகள் சட்டம், திவால் சட்டப்படி மதிப்பீடு செய்ய 2017 விதிகள் வந்தன. படிப்பும் அனுபவமும் இருந்தால் போதாது. அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டாளர் அமைப்பில் உறுப்பினராகி, பயிற்சி எடுத்து, பரீட்சை பாஸாகி, இந்திய திவால் வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். நிலம் - கட்டடம், இயந்திரங்கள், பங்கு - நிதிச் சொத்துகள் என மூன்று பிரிவு. தப்பு செய்தால் பதிவு ரத்தாகலாம். அதாவது, புகார் சொல்ல ஓர் இடம் இருக்கு. மன்றோ காலத்து விவசாயிக்கு அது இல்லை.

அடுத்த முறை உங்க வீட்டு வாசல்ல மதிப்பீட்டாளர் வந்து நின்னா, டீ கொடுங்க. கூடவே மூணு கேள்வி கேளுங்க. எங்கே பதிவு பண்ணியிருக்கீங்க, எதை வெச்சு இந்த விலை போட்டீங்க, தப்புன்னா யார்கிட்ட சொல்லணும்? கேட்கிறதுல தப்பே இல்லை. அது உங்க வீடு!