அறிஞர் வால்டர் பெஞ்சமின்

ஜெர்மனியின் தலைநகராம் பெர்லினில், 1892-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 15-ஆம் நாள், செல்வம் மிக்க யூதக் குடும்பமொன்றில் வால்டர் பெஞ்சமின் பிறந்தார். 1919-இல் பெர்ன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்திற்குரிய தேர்வில் வெற்றி எய்தினார். 17-ஆம் நூற்றாண்டின் ஜெர்மானியத் துயர நாடகங்களைப் பற்றி அவர் இயற்றிய ஆராய்ச்சி நூலைப் பிராங்பர்ட் பல்கலைக்கழகத்தார் ஏற்க முன்வராமையால், 1925-இல் அதனைத் திரும்பப் பெற்றார். ஆசிரியப் பதவி கைகூடவில்லை. எழுத்தே பிழைப்பாயிற்று.

கார்ல் ஷ்மிட் என்னும் சட்ட அறிஞர் 1922-இல் 'அரசியல் இறையியல்' என்னும் நூலை வெளியிட்டிருந்தார். அரசு பற்றிய கருத்துக்கள் சமயக் கருத்துக்களின் மறுவடிவமே என்பதும், நெருக்கடி நிலையைத் தீர்மானிக்க வல்லவனிடமே இறைமை உளது என்பதும் அவர் கொள்கை. இறைமை பற்றிய அவர் ஆய்வைப் பெஞ்சமின் தம் நாடக நூலில் எடுத்தாண்டார். 1930-இல் அந்நூலை அவருக்கு அனுப்பியும் வைத்தார். 1933-இல் நாஜிகள் ஆட்சியேறினர். ஷ்மிட் அக்கட்சியிற் சேர்ந்தார். பெஞ்சமின் நாடு துறந்து பாரிசு அடைந்தார்.

ஆங்கு வறுமையில் உழன்றவருக்கு ஹார்க்ஹைமர் தலைமையிலிருந்த சமூக ஆராய்ச்சிக் கழகம் உதவித்தொகை அளித்தது. விமர்சனக் கோட்பாடு பிறந்தது அக்கழகத்திலேயே. 1939-இல் அவரது ஜெர்மன் குடியுரிமை பறிக்கப்பட்டது. போர் மூண்டதும் பிரெஞ்சு அரசு அவரைப் பகைநாட்டவராகக் கருதி முகாமில் அடைத்தது.

விடுதலையான பின்னர், 1940-இல், வரலாறு பற்றிய சிறு கட்டுரையொன்றை எழுதினார். ஷ்மிட்டின் கொள்கை அதில் தலைகீழாயிற்று. ஆள்வோருக்கு அரிதாய் நேரும் நெருக்கடி நிலை, ஒடுக்கப்பட்டோர்க்கு அன்றாட வாழ்வே என்று காட்டினார். சென்ற தலைமுறைகள் நம்மிடம் மீட்சியை எதிர்நோக்குகின்றன என்றும், அதற்கான சிற்றாற்றல் ஒவ்வொரு தலைமுறைக்கும் உண்டு என்றும் விளக்கினார். ஆள்வோனின் அதிகாரத்தை ஆராய்ந்த அரசியல் இறையியல், இவரால் தோற்றோரின் நினைவைக் காக்கும் சிந்தனையாயிற்று.

அவ்வாண்டு செப்டம்பரில், இதய நோயையும் பொருட்படுத்தாது பிரனீஸ் மலையைக் கால்நடையாகக் கடந்து, ஸ்பெயினின் போர்ட்போ ஊரை அடைந்தார். அதிகாரிகள் பிரான்சுக்கே திருப்பியனுப்ப முற்பட்டனர். 26-ஆம் நாள் இரவு தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார் என்பர். அகவை 48. கட்டுரையின் படியொன்றை ஹன்னா அரெண்ட் அம்மையார் நியூயார்க்கில் சேர்ப்பித்தார். கழகத்தார் 1942-இல் வெளியிட்டனர்.

படைப்புக் கடவுளை முன்னிறுத்தாத நெறியினராகிய நமக்கு இறையியல் என்னும் சொல் அயலானதே. ஆயினும், மீட்பரின் வருகைக்குக் காத்திராது, வாழ்வோரே மாண்டோர்க்குக் கடன்பட்டவர் என அவர் உணர்த்திய அறம் நமக்கு அயலானதன்று. வென்றோர் எழுதிய வரலாற்றைப் படிக்குந்தோறும், அதில் எவர் பெயர் விடுபட்டது என்று வினவுதல் நம் கடமையாகும்.