மண் நிலைகுலைவதை ஆராய்ந்த பேராசிரியர்

வெள்ளவத்தையில் 2017 மே மாதம் பலமாடிக் கட்டிடமொன்று இடிந்து வீழ்ந்தபோது, சீமெந்து தரமானதா, கம்பி போதுமானதா என்றே பலரும் வினவினர். அடியிலிருந்த மண்ணைப் பற்றிக் கேட்டோர் சிலரே. அவ்வேளை நாம் நினைவுகூர்ந்தது பேராசிரியர் அழகையா துரைராஜாவை.

1934இல் பிறந்து, பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியில் பயின்ற அன்னார், அந்நாளில் கொழும்பில் இயங்கிய இலங்கைப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தின் மாணவர். பின்னர் கேம்பிரிட்ஜில், களிமண் மாதிரிகள் அழுத்தத்தின் கீழ் நிலைகுலையும் விதத்தை ஆராய்ந்தார். நீர் வடியவிட்ட மண்ணும் நீர் அடைபட்ட மண்ணும் வெவ்வேறாக நடந்துகொள்வதாகவே தோன்றும். உராய்வு, கனவளவு மாற்றம், நீரழுத்தம் யாவற்றையும் சேர்த்துச் சக்திக் கணக்கெடுத்தால் இரண்டுக்கும் விதி ஒன்றே என்பது அவர் கண்ட முடிவு. ரோஸ்கோ, ஸ்கோபீல்ட் ஆகியோருடன் 1963இல் அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை மண்பொறியியலில் இன்றும் எடுத்தாளப்படுகின்றது.

பேராதனையில் பொறியியல் பீடாதிபதியாகவும், போர்க்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் பணியாற்றி 1994இல் மறைந்தார். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பொறியியல் பீட அனுமதிக்காகச் சூத்திரங்களை மனனஞ்செய்யும் தமிழ், முஸ்லிம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அன்னாரை அறிவர்? இடிந்ததொரு கட்டிடத்தின் மண்ணையும் நீரையும் சுமையையும் ஒன்றாக வைத்து ஆராயும் பயிற்சியைப் பீடங்கள் முதலாம் ஆண்டிலேயே வழங்கலாமே!