புலி எடுத்த படம்

நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை இந்தியக் காடுகளில் புலிகள் கணக்கெடுக்கப்படுகின்றன. 2018-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புக்காக 26,838 இடங்களில் தானியங்கி கேமராக்கள் பொருத்தப்பட்டன. அவற்றில் பதிவான படங்கள் ஏறத்தாழ மூன்றரைக் கோடி. அவற்றுள் புலிகளின் படங்கள் மட்டும் 76,651. மடிக்கணினியில் அமர்ந்து இப்படங்களை ஒப்பிடும் இளம் ஆய்வாளர்களுக்கு முன்னோடியாக ஒருவரைச் சொல்ல வேண்டுமானால், ஆங்கிலேய வன அதிகாரி எஃப்.டபிள்யூ. சாம்பியனைத்தான் சொல்ல வேண்டும்.

ஃபிரெடரிக் வால்டர் சாம்பியன் 1893-இல் இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் பிறந்தவர். தந்தை பூச்சியியல் அறிஞர். மத்திய அமெரிக்கக் காடுகளில் அலைந்து வண்டுகளைச் சேகரித்தவர். அண்ணன் ஹாரி சாம்பியனும் இந்தியாவில் வன அதிகாரியாகப் பணிபுரிந்தார். இந்தியக் காடுகளை வகைப்படுத்தி அவர் எழுதிய நூலை நம் வனவியல் மாணவர்கள் இன்றும் படிக்கின்றனர். கல்விக்கூடங்களில் சாம்பியன் என்றால் அண்ணனைத்தான் நினைக்கிறார்கள் என்பது தம்பியின் துரதிருஷ்டம்.

தம்பி 1913-இல் இந்தியாவுக்கு வந்தார். முதலில் கிழக்கு வங்கத்தில் காவல்துறைப் பணி. 1916-இல் அதைவிட்டு ராணுவத்தில் சேர்ந்தார். முதல் உலகப் போர் முடிந்ததும் ஐக்கிய மாகாணத்தின் வனத்துறைக்கு வந்து சேர்ந்தார். இன்றைய உத்தரகண்டின் சிவாலிக் அடிவாரக் காடுகள் அவருடைய பணியிடமாயின.

அந்நாளில் வன அதிகாரி என்றால் வேட்டைக்காரர் என்றே பொருள். புலித்தோலும் கொம்பும் பங்களாச் சுவரில் தொங்காவிட்டால் அந்த அதிகாரியின் ஆண்மையே ஐயத்துக்குரியது. வைஸ்ராய்கள், மன்னர்கள், விருந்தினர்கள் என எல்லோருக்கும் புலி வேண்டும். அதற்கு ஏற்பாடு செய்வதும் அரசுப் பணியின் ஒரு பகுதியாகவே இருந்தது. போர்க்களம் கண்டு திரும்பிய சாம்பியனுக்கோ விளையாட்டுக்காகக் கொல்வது அருவருப்பாக இருந்தது. துப்பாக்கி ஏந்திய சகாக்களின் நடுவே அவர் கேமராவைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

நடந்ததால் மட்டும் புலி கிடைத்துவிடாது. புலி பெரும்பாலும் இருளில் உலவுவது. மனித வாடை பட்டால் விலகிப்போவது. அன்றைய கேமராவும் ஃபிலிமும் நல்ல வெளிச்சம் இல்லாமல் எதையும் பதிவு செய்யாதவை. எனவே புலியைத் தேடி அலைவதைவிட, புலி வரும் வழியில் கேமராவைக் காத்திருக்கச் செய்வதே மேல் என்ற முடிவுக்கு வந்தார். அமெரிக்காவில் ஜார்ஜ் ஷைராஸ் இதே உத்தியால் மான்களைப் படமெடுத்து, 1906-இல் நேஷனல் ஜியாக்ரஃபிக் இதழில் வெளியிட்டிருந்தார். ஆனால் இமயமலை அடிவாரத்துப் புலி வேறு விஷயம்.

ஏற்பாடு எளிமையானதுதான். காட்டுத்தடத்தின் குறுக்கே, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கம்பி ஒன்று. புலி நடந்து வரும்போது அதன் கால் கம்பியில் பட்டால், பேட்டரியின் மின்சுற்று இணைந்து மின்னொளிப் பொடி வெடித்துப் பற்றும். அந்த நொடியில் கேமராவின் மூடியும் திறந்து மூடும். கேமராக்காரர் அப்போது கூடாரத்தில் உறங்கிக்கொண்டிருப்பார். படத்தை எடுப்பது, சரியாகச் சொன்னால், புலியேதான்.

எளிமை அத்தோடு முடிந்தது. புலி எந்தத் தடத்தில், எந்தத் திசையிலிருந்து வரும் என்பதைக் காலடித் தடங்களைக் கொண்டு ஊகிக்க வேண்டும். பொடி பனியில் நனையக் கூடாது. புலிக்கு முன்னால் ஒரு மானோ முள்ளம்பன்றியோ கம்பியை மிதித்துவிட்டால் அன்றைய இரவு வீண்; ஒருமுறை வெடித்தால் மறுநாள் மனிதர் வந்து மீண்டும் அமைத்தாக வேண்டும். இப்படி எத்தனையோ இரவுகள் வீணாகியும் அவர் விடவில்லை. 1925 அக்டோபரில் லண்டனின் 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' இதழ் அவருடைய புலிப் படங்களை வெளியிட்டது. சுதந்திரமாகக் காட்டில் நடமாடும் புலியை உலகம் பார்த்த முதல் படங்களுள் அவை அடங்கும். அதுவரை வாசகர்கள் பார்த்திருந்த புலி, பெரும்பாலும், வேட்டைக்காரரின் காலடியில் கிடந்த புலி. 1927-இலும் 1934-இலும் அவருடைய இரு நூல்கள் வந்தன.

அவருடைய பணியில் என்னை மிகவும் ஈர்ப்பது வேறொன்று. படங்களை அருகருகே வைத்துப் பார்த்தபோது, ஒரு புலியின் வரிகள் இன்னொன்றுக்கு இல்லை என்பதை அவர் கண்டுகொண்டார். வரிகளைக் கொண்டே, வந்தது பழைய புலியா புதிய புலியா என்று சொல்ல முடிந்தது.

பொருளாதார வகுப்பில் புள்ளியியல் நடத்தும்போது, குளத்து மீன்களை எண்ணும் கணக்கை ஒவ்வோர் ஆண்டும் சொல்வேன். சில மீன்களைப் பிடித்து அடையாளமிட்டு விட்டுவிடுகிறோம். மறுமுறை வலை வீசும்போது அகப்படுவனவற்றில் அடையாளமிட்டவை எத்தனை என்பதைக் கொண்டு, குளத்திலுள்ள மொத்த மீன்களை மதிப்பிடலாம். புலியைப் பிடித்து அடையாளமிடுவது எளிதன்று. ஆனால் பிறக்கும்போதே அது அடையாளத்துடன் பிறக்கிறது. 1990-களில் நாகரஹொளே காட்டில் உல்லாஸ் கரந்த், சாம்பியனின் கம்பிக்குப் பதிலாகத் தானியங்கி கேமராக்களை வைத்து, இந்தக் கணக்கைப் புலிகளுக்குப் பொருத்திக் காட்டினார். அடையாளம் சாம்பியனின் காலத்திலேயே தெரிந்திருந்தது. அதை எண்ணிக்கையாக மாற்ற அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

இடைப்பட்ட காலத்தில் நாம் காலடித் தடங்களை நம்பினோம். 1972-இல் அவ்வாறு எண்ணி 1,827 புலிகள் என்றோம். ஒரே புலியின் தடம் மணலில் ஒருவிதமாகவும் சேற்றில் வேறுவிதமாகவும் விழும். அதைப் படி எடுப்பவரின் கையும் சேர்ந்துகொள்ளும். 2005-இல் ராஜஸ்தானின் சரிஸ்கா சரணாலயத்தில் ஏட்டில் புலிகள் இருந்தன. காட்டில் ஒன்றுகூட இல்லை. அந்த அதிர்ச்சிக்குப் பிறகே, 2006 முதல், கேமராக்கள் தேசியக் கணக்கெடுப்பில் இடம்பெற்றன. இப்போது தடத்தின் இருபுறமும் எதிரெதிராக இரண்டு கேமராக்கள் வைக்கிறார்கள். புலியின் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் வெவ்வேறு என்பதால் இரண்டும் தேவை. கம்பியின் வேலையை, உடல் வெப்பத்தின் அசைவை உணரும் கருவி செய்கிறது.

சாம்பியன் படத்தோடு நின்றுவிடவில்லை. துப்பாக்கி உரிமங்களைக் குறைக்க வேண்டும், காப்புக் காடுகளுக்குள் மோட்டார் வாகனங்களை விடக் கூடாது, வனவிலங்குகளைக் கொல்வோருக்கு அரசு தரும் வெகுமதியைக் குறைக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். கொல்வதற்கு விலை வைத்தால் கொலை பெருகும் என்பதை அறியப் பொருளாதாரப் பட்டம் தேவையில்லை. ஆயினும் அன்றைய அரசுக்கு அது எளிதில் புரியவில்லை. அவரும் அதே அரசின் ஊழியர்தான் என்பதையும் மறக்கக் கூடாது. அவர் சார்ந்திருந்த வனத்துறையின் முதன்மை வேலை, ரயில் பாதைகளுக்கும் கட்டுமானங்களுக்கும் சால் மரங்களை வெட்டி வருவாய் ஈட்டுவது.

ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்டுப் புகழ்பெற்ற ஜிம் கார்பெட், தாம் கேமராவின் பக்கம் திரும்பியதற்குச் சாம்பியனின் படங்களே தூண்டுதல் என்று தம் நூலில் நன்றியுடன் பதிவு செய்திருக்கிறார். இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா 1930-களில் ஹெய்லி பூங்கா என்ற பெயரில் உருவானபோது, அதற்கு உழைத்தவர்களில் இருவரும் உண்டு. பிற்காலத்தில் அப்பூங்காவுக்குக் கார்பெட்டின் பெயர் சூட்டப்பட்டது.

1947-இல் இந்தியா விடுதலை பெற்றதும் சாம்பியன் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குச் சென்றார். 1970-இல் ஸ்காட்லாந்தில் காலமானார். இந்தியா முழுவதும் புலிவேட்டை தடை செய்யப்பட்டதும் அதே ஆண்டில்தான். அடுத்த மூன்று ஆண்டுகளில் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியபோது, அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் கார்பெட் பூங்கா.