கறுப்பு மணலும் ஒரு பாதிரியாரும்

போன மாதம் ராஜபாளையத்தில் ஒரு விநாடி வினா. டைட்டானியத்தைக் கண்டுபிடித்தவர் யார்னு கேட்டாங்க. வில்லியம் கிரெகர் என்றேன். தப்பு, கிளாப்ராத்னு சொல்லிட்டாங்க. ஸ்ரீவில்லிபுத்தூர் வரும்வரை பஸ்ஸில் எனக்கு அழுகைதான். அதனால் கிரெகரைப் பற்றி எழுதுகிறேன்.

இவர் 1761-ல் இங்கிலாந்தின் கார்ன்வாலில் பிறந்தார். பாதிரியார். ஓவியம் வரைவார், இசையும் தெரியும். விஞ்ஞானம் ஓய்வு நேரத்தில்தான். 1791-ல் மனாக்கன் என்ற ஊர்ப் பக்கத்து ஓடையில் வெடிமருந்து மாதிரி கறுப்பு மணல் கிடைத்தது. காந்தத்தில் ஒட்டியது. அமிலத்தில் போட்டு இரும்பைப் பிரித்த பிறகும் ஏதோ மிச்சம். தெரிந்த எந்தப் பொருளோடும் அது சேரவில்லை. புது உலோகம் என்று எழுதி, அந்த ஊரின் பெயரையே வைத்தார். அந்த மணல்தான் இல்மனைட். நம்ம மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் அள்ளுகிறார்களே, அதேதான்!

1795-ல் ஜெர்மானியர் கிளாப்ராத், ரூட்டைல் என்ற கனிமத்தில் ஓர் உலோகத்தைக் கண்டு டைட்டானியம் என்றார். பிறகு கறுப்பு மணலையும் சோதித்து, இரண்டும் ஒன்றே, முந்தியவர் கிரெகர்தான் என்று ஒத்துக்கொண்டார். பெரிய மனசு! ஆனாலும் நிலைத்தது கிளாப்ராத் வைத்த பெயர்.

கிரெகர் 1817-ல் காசநோயால் இறந்தார். வெள்ளை பெயிண்ட், விமானப் பாகங்கள் எதையும் அவர் பார்க்கலை. நீலக்கல்லின் நீலத்துக்கு இரும்போடு டைட்டானியமும் காரணம், நட்சத்திர நீலக்கல்லில் ஆறு கதிர் தெரிவது உள்ளிருக்கும் ரூட்டைல் ஊசிகளால் என்பதும் அவருக்குத் தெரியாது.

விநாடி வினா நடத்தியவர்களிடம் இதையெல்லாம் சொல்லணும். இன்னும் தைரியம் வரலை.