குழாய்த் தண்ணீரின் கதை சொன்ன லூசி மிட்செல்



பி.காம். படித்தவர்களுக்கு வணிகச் சுழற்சி என்ற பாடம் மறந்திருக்காது. வியாபாரம் ஏன் சில வருடம் ஏறுகிறது, சில வருடம் இறங்குகிறது என்று ஆராய்ந்து 1913-இல் பெரிய புத்தகம் எழுதிய அமெரிக்கப் பொருளாதார நிபுணர் வெஸ்லி மிட்செல். நான் இந்த இதழில் சொல்ல வந்தது அவருடைய மனைவி லூசி ஸ்ப்ராக் மிட்செலைப் பற்றி. கணவர் விலைவாசிப் புள்ளிவிவரங்களைச் சேர்த்தார் என்றால், மனைவி சேர்த்தது இரண்டு வயது, மூன்று வயதுக் குழந்தைகளின் பேச்சை. நம் பிளாக்குகளில் ப்ளே ஸ்கூல் போகும் வாண்டுகள் பெருகி வருவதால் இந்த அம்மாளின் கதை உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

லூசி 1878-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் தேதி சிகாகோவில் பிறந்தார். அப்பா பெரிய மளிகை மொத்த வியாபாரி, கண்டிப்பானவர். வீட்டில் பணத்துக்குக் குறைவில்லை, கலகலப்புக்குத்தான் குறைவு. அப்பாவுக்குக் காசநோய் வந்ததால் குடும்பம் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தது. நோயாளிகளுக்குப் பணிவிடை செய்வதிலேயே அந்தப் பெண்ணின் பதின்வயது பெரும்பாலும் கழிந்தது. ஆனாலும் படிப்பை விடவில்லை. 1900-இல் ராட்கிளிஃப் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1906-இல் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மாணவியருக்கான முதல் டீன் ஆனார்.

அங்கே ஒரு விஷயம் அவரை உறுத்தியது. படித்து முடித்த பெண்களுக்கு டீச்சர் வேலையை விட்டால் வேறு கதி இல்லை. ஊரில் என்னென்ன வேலைகள் நடக்கின்றன என்பதே அவர்களுக்குத் தெரியாது. எனவே லூசி மாணவியரை அழைத்துக்கொண்டு வகுப்பறைக்கு வெளியே கிளம்பினார். பாடம் தெருவில் இருக்கிறது என்ற அந்த எண்ணம்தான் பிற்காலத்தில் மூன்று வயதுக் குழந்தைகள்வரை வந்து சேர்ந்தது.

1912-இல் வெஸ்லியுடன் திருமணம். அடுத்த வருடம் இருவரும் நியூயார்க் போனார்கள். பெற்ற பிள்ளைகள் இருவர், தத்தெடுத்த பிள்ளைகள் இருவர் என்று நான்கு குழந்தைகள். 1916-இல் உறவினரான ஒரு பணக்காரப் பெண்மணியின் நிதியுதவியோடு, குழந்தைகள் எப்படிக் கற்கிறார்கள் என்பதை ஆராயும் அமைப்பு ஒன்றைத் தொடங்கினார். 1919-இல் அதன் கீழ் ஹாரியட் ஜான்சன் மழலையர் பள்ளி ஒன்றை ஆரம்பித்தார். தோழி கரோலின் பிராட் நடத்திய பள்ளியிலும் லூசி பாடம் எடுத்தார்.

இங்கேதான் அவர் அந்தக் காரியத்தைச் செய்தார். குழந்தைகள் பேசுவதைத் திருத்தாமல் அப்படியே எழுதி வைத்தார். படிக்கப் படிக்க ஒன்று புலப்பட்டது. இரண்டு வயதுக் குழந்தைக்கு வார்த்தை என்பது முதலில் ஓசை, அசைவு, கைக்குத் தட்டுப்படுவது. நான்கு வயதை நெருங்கும்போதுதான் அது எங்கிருந்து வருகிறது, யார் கொண்டு வருகிறார், எதற்கு என்ற கேள்விகள் வலுக்கின்றன. அந்தக் கேள்விகளைப் பிடித்துக்கொண்டு போனால் வார்த்தைகள் தாமாகச் சேரும். பட்டியல் போட்டு ஒப்பிக்க வைக்க வேண்டியதில்லை.

அப்படிப் பிறந்ததுதான் 1921-இல் வந்த அவருடைய ‘ஹியர் அண்ட் நவ் ஸ்டோரி புக்’. ராஜா இல்லை, ராட்சசன் இல்லை. சுரங்க ரயில், பனிமூட்டத்தில் ஊதும் படகு, வானளாவிய கட்டடம், மளிகைக்காரர் என்று நியூயார்க் குழந்தை தினமும் காண்பவைதான் கதை. அதில் ஒரு கதை, பாடும் தண்ணீர் குளியல் தொட்டிக்கு எப்படி வந்து சேர்கிறது என்பது. எங்கோ தூரத்தில் இருந்த தண்ணீர் குழாய் வழியாக வீட்டுக்குள் வந்து தொட்டியில் விழுகிறது, அவ்வளவுதான்.

இதை நம் குடியிருப்புக்கு மாற்றிப் பாருங்கள். நம் வாண்டுகளுக்கு டைனோசர்களின் பெயர்கள் வாய் பிசகாமல் வருகின்றன. ஆனால் பக்கெட்டில் விழும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் குழாயிலிருந்து என்பார்கள். டேங்கர் லாரி வரும் நேரத்தில் கையைப் பிடித்துக் கூட்டிப் போய்க் காட்டினால் லாரி, ஹோஸ், சம்ப், மோட்டார், மாடித் தொட்டி, வால்வு என்று பத்து நிமிடத்தில் எத்தனை வார்த்தைகள்! நிரம்பியது, வழிந்தது, ஏறியது, நின்றது என்ற வினைச்சொற்கள் தனி. மோட்டார் போடுகிற அண்ணன் யார் என்பதும் தெரியும். சமூக அறிவியல் என்றால் நமக்கு அசோகர் மரம் நட்டதுதான் ஞாபகம் வரும். மூன்று வயதுக் குழந்தைக்கு அது இதுதான்: குப்பையை எடுத்துப் போவது யார், பால் பாக்கெட் எங்கிருந்து வந்தது, அயர்ன்காரர் துணியை ஏன் மூட்டை கட்டுகிறார்.

லூசி இன்னும் ஒன்று சொன்னார். வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தால் மட்டும் போதாது. பார்த்ததைக் குழந்தை கட்டைகளை வைத்துக் கட்டி, விளையாடி, தன் வாயால் சொல்ல வேண்டும். அப்போதுதான் வார்த்தை சொந்தமாகும். 1934-இல் எழுதிய ‘யங் ஜியாக்ரஃபர்ஸ்’ நூலில், சின்னக் குழந்தையும் ஒரு பூகோள ஆராய்ச்சியாளர்தான் என்று நிறுவினார்.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. பிஞ்சு வயதில் தேவதைக் கதைகள் வேண்டாம் என்று அவர் எழுதியது பலருக்குப் பிடிக்கவில்லை. நியூயார்க் பொது நூலகத்தின் சிறுவர் பிரிவுத் தலைவி ஆன் கரோல் மூர் தேவதைக் கதைகளின் பக்கம் நின்றவர். எனக்கும் லூசியோடு இதில் முழு உடன்பாடு இல்லை. நம் வடை சுட்ட பாட்டி கதையை எந்தக் கணக்கில் சேர்ப்பது? பேசும் காகமும் நரியும் இருக்கின்றன. கூடவே அடுப்பும் எண்ணெயும் வியாபாரமும் இருக்கின்றன. இரண்டு கட்சிக்கும் பொதுவான கதை அது.

1930-இல் அவருடைய அமைப்பு பேங்க் ஸ்ட்ரீட் 69-ஆம் எண் கட்டடத்துக்கு இடம் மாறியது. பேங்க் என்றதும் என் கண் அங்கே நின்றுவிட்டது. 1798-இல் மஞ்சள் காய்ச்சலுக்குப் பயந்து நியூயார்க் வங்கி அந்தப் பகுதியில் இடம் வாங்கியதால் வந்த தெருப் பெயராம். அங்கே ஆசிரியர் பயிற்சிக்கு வந்து, லூசியிடம் குழந்தைகளுக்கு எழுதக் கற்றவர்களில் ஒருவர் மார்கரெட் வைஸ் பிரவுன். உங்களில் பலர் பேரப் பிள்ளைகளுக்கு ராத்திரி படித்துக் காட்டும் ‘குட்நைட் மூன்’ அவர் 1947-இல் எழுதியது. சீப்பு, பிரஷ், கிண்ணத்துக் கஞ்சி என்று அறையிலுள்ள பொருள்கள்தான் அதில் இருக்கின்றன. அந்தப் புத்தகம் நியூயார்க் பொது நூலகத்தின் அலமாரிக்கு வர 1972 ஆயிற்று!

தனியார் பள்ளிகளோடு லூசி நிற்கவில்லை. 1943 முதல் நகரத்தின் அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கும் பயிற்சிப் பட்டறைகள் நடத்தப்பட்டன. 1948-இல் வெஸ்லி காலமானார். 1950-இல் அமைப்பு பேங்க் ஸ்ட்ரீட் கல்வியியல் கல்லூரி ஆனது. 1953-இல் இருவர் வாழ்க்கையையும் சேர்த்து ‘டூ லைவ்ஸ்’ என்ற நூலை எழுதினார். 1967 அக்டோபரில் கலிபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில், 89-ஆவது வயதில் மறைந்தார். பின்னர் கல்லூரி மேற்கு 112-ஆம் தெருவுக்குப் போனது. பெயர் மட்டும் பேங்க் ஸ்ட்ரீட் என்றே இருக்கிறது.