மண்புழுவுக்குப் பியானோ!

குட்டீஸ், கோவையிலிருந்து ஊட்டிக்குப் போயிருக்கிறீர்களா? அந்த நீலகிரி மலையில், 7,000 அடி உயரத்தில் மண்புழுக்கள் கக்கிப்போட்ட மண் கட்டி ஒன்றின் படம், 1881-ல் லண்டனில் வெளியான புத்தகத்தில் இருக்கிறது. டாக்டர் கிங் என்பவர் சேகரித்துக் கொடுத்தது அது. அங்குள்ள புழுக்கள் ஓர் அடிக்கு மேல் நீளமாம், சுண்டுவிரல் தடிமனாம்!

புத்தகத்தை எழுதியவர் யார் தெரியுமா? சார்லஸ் டார்வின். ஆமாம், பரிணாமக் கொள்கையைச் சொன்ன அதே தாடித் தாத்தாதான்.

1809-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். மருத்துவம் படிக்கப் போய், பிடிக்காமல் பாதியில் விட்டார். ஐந்து ஆண்டுகள் பீகிள் கப்பலில் உலகைச் சுற்றிவிட்டு 1836-ல் ஊர் திரும்பினார். அடுத்த ஆண்டு மாமா வீட்டுக்குப் போனபோது, அவர் ஒரு வயலைக் காட்டினார். சில ஆண்டுகளுக்கு முன் மேலே தூவிய சுண்ணாம்பும் சாம்பல் கட்டியும் இப்போது மண்ணுக்குள் புதைந்து கிடந்தன. மண்புழுக்கள் கீழிருந்து மண்ணை மேலே கொண்டுவந்து போடுவதுதான் காரணம் என்பது மாமாவின் யூகம்.

டார்வின் அதைப் பற்றி அறிஞர்கள் சபையில் கட்டுரை வாசித்தார். ஆனால் இத்துனூண்டு புழு இவ்வளவு பெரிய வேலை செய்யுமா என்று சிலர் ஏற்கவே இல்லை. புல்வெளியைக் கெடுக்கும் தொல்லை என்றே தோட்டக்காரர்கள் பலரும் அதை நினைத்த காலம் அது!

டார்வின் வாக்குவாதம் செய்யவில்லை. 1842-ல் தன் வீட்டருகே இருந்த வயலில் சுண்ணாம்புக் கட்டிகளைப் பரப்பிவிட்டு, காத்திருந்தார். எவ்வளவு நாள்? 29 ஆண்டுகள்! 1871-ல் பள்ளம் தோண்டினால், ஏழு அங்குல ஆழத்தில் வெள்ளைக் கோடாகச் சுண்ணாம்பு!

முதுமையில் புழுக்களைத் தொட்டியில் போட்டு வீட்டுக்குள்ளேயே வளர்த்தார். அவற்றுக்குக் காது கேட்குமா? விசில் ஊதினார்கள், கத்தினார்கள். புழுக்கள் அசையவில்லை. தொட்டியைப் பியானோ மேலேயே வைத்து ஒரு கட்டையைத் தட்டியதும், விருட்டென்று வளைக்குள் போய்விட்டன! ஒலி கேட்டல்ல, மண்ணில் ஏற்பட்ட அதிர்வை உணர்ந்துதான். இலைகளை எந்தப் பக்கமாகப் பிடித்து இழுக்கின்றன என்று அறிய, 303 முக்கோணக் காகிதங்களை வெட்டிப்போட்டுக்கூடப் பார்த்தார். பெரும்பாலானவற்றைக் கூரான முனையைப் பிடித்தே வளைக்குள் இழுத்துப் போயிருந்தன. ஆக, புழுவுக்கும் கொஞ்சம் புத்தி உண்டு என்று முடிவுகட்டினார்.

இங்கிலாந்தின் பல இடங்களில் ஓர் ஏக்கரில் ஆண்டுக்குப் பத்து டன்னுக்கு மேல் மண், புழுக்களின் வயிற்றுக்குள் போய் வெளியே வருகிறது என்பது அவர் போட்ட கணக்கு. இதையெல்லாம் எழுதிய புழுப் புத்தகம் ஆயிரக்கணக்கில் விற்றது. அதுதான் கடைசிப் புத்தகம். 1882 ஏப்ரல் 19-ல் அவர் மறைந்தார்.

நீங்களும் சோதித்துப் பார்க்கலாமே! கண்ணாடிப் பாட்டிலில் செம்மண், வெள்ளை மணல், கரிசல் மண் என்று அடுக்கடுக்காகப் போட்டு ஈரமாக்குங்கள். தென்னை மரத்தடியில் கிடைக்கும் நான்கைந்து புழுக்களை விட்டு, மேலே காய்ந்த இலை போட்டு, பாட்டிலைக் கறுப்புத் துணியால் சுற்றி நிழலில் வையுங்கள். மூடியில் காற்றுத் துளை வேண்டும். அடுக்குகள் என்ன ஆகின்றன என்று தினமும் நோட்டில் படம் வரையுங்கள். இரண்டு வாரம் போதும். பிறகு புழுக்களை எடுத்த இடத்திலேயே பத்திரமாக விட்டுவிடுங்கள், சரியா?